இல்லை என்று சொல்லும் வண்டி

டீச்சர் வண்டி தொம்மைக்கு முழு ஹாட் டாக் கொடுக்க மறுக்கத் தொடங்கிப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது. ஒரு நாள் தவறியதில்லை. முதல் பணிமுறை முடிந்ததும் தொம்மை வந்து நிற்பார், உள்ளங்கையைத் தட்டில் வைப்பார், முழுசு வேண்டும் என்பார். வண்டி இல்லை என்று சொல்லும். தொம்மை அதைத் திட்டுவார். அப்புறம் அது கொடுத்த பாதியைத் தின்றுவிட்டு வேலைக்குத் திரும்புவார்.

வலம்புரி என்கிற அந்த ஊர் நிலாவின் தென்கோடியில், தரைக்கு அடியில் ஒரு குகைக்குள் இருந்தது. பனிக்கட்டி வெட்டுவதற்காகத் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து போன ஜனங்கள் அங்கே மூன்று தலைமுறையாக இருந்தார்கள். பனியை வெட்டித் தண்ணீராக்கினார்கள். தண்ணீரிலிருந்து காற்றைப் பிரித்துச் சுவாசித்தார்கள். அந்தக் காற்று ஓடுகிற குழாய்களுக்குள் புகுந்து தூசு துடைப்பது தொம்மையின் வேலை. வயது ஐம்பத்தெட்டு. யாரையும் நம்பாத மனுஷன். கம்பெனிக்காரன் குட்மார்னிங் சொன்னாலும் இதில் என்ன உள்குத்து இருக்கிறது என்று யோசிப்பவர்.

ஊரில் ஒன்பது ஹாட் டாக் வண்டிகள் இருந்தன. வண்டி என்றால் தள்ளுகிற ஆள் கிடையாது, எல்லாம் இயந்திரம். தொட்டியில் வளர்த்த இறைச்சியைச் சாசேஜாக்கிச் சுட்டு, நீள ரொட்டியைப் பிளந்து நடுவில் வைத்துக் கொடுக்கும். வெங்காயம், கடுகுச் சாறு, தக்காளி சாஸ், சீஸ், கேட்டால் மாசிக் கருவாட்டை இடித்த மாசிப்பொடியும் உண்டு. நிலாவில் எடை ஆறில் ஒரு பங்குதான் என்பதால் சாஸ் அவசரமில்லாமல் இறங்கும். அது இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்பதே ஒரு சுகம்.

ஆனால் கேட்டதெல்லாம் கிடைக்காது. ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் தோலுக்கடியில் ஓர் உடற்சில்லு இருந்தது. கையைத் தட்டில் வைத்ததும் வண்டி அதை வாசித்துவிடும். ரத்தத்தில் என்ன ஓடுகிறது, இதயம் எப்படி அடிக்கிறது, ஈரல் எந்த நிலையில் இருக்கிறது எல்லாம் அதற்குத் தெரியும். அதற்குத் தக்கபடி பாதியோ காலோ கொடுக்கும், உப்பைக் குறைக்கும், சிலரை வெறும் ரொட்டியோடு அனுப்பிவிடும். நாலாம் நம்பர் வண்டி கொஞ்சம் கண்டிப்பாகப் பேசும். அதனால் அதற்கு டீச்சர் என்று பெயர்.

“தொம்மை அய்யா, நேற்றும் இதையே கேட்டீர்கள். கொழுப்பு மிதக்கிறது. பாதிதான். மாசிப்பொடி என்ற பேச்சையே எடுக்கக் கூடாது” என்று அது சொல்லும்.

தனக்கு எவ்வளவு மறுக்கப்பட்டது என்பதைச் சொல்லிக் காட்டுவது அந்த ஊரில் ஒரு பெருமை. எனக்கு சீஸைக் கண்ணில்கூடக் காட்டவில்லை என்பான் ஒருவன். எனக்கு சாசேஜே இல்லை, வாசனை மட்டும்தான் என்பான் இன்னொருவன். திட்டிக்கொண்டேதான் சொல்வார்கள். ஆனால் முகத்தில் ஒரு நிம்மதி இருக்கும். அதற்குக் காரணம் உண்டு.

முன்னொரு காலத்தில் கபிரியேல் என்ற பனிவெட்டுக்காரர் முழு சாசேஜ் கேட்டு, வண்டி மறுத்து, கால்வாசியைத் தின்றுவிட்டு வீட்டுக்குப் போகிற வழியிலேயே செத்துப்போனார். சாகப்போகிற மனுஷனுக்கு ஒரு சாசேஜ் கொடுத்தால் என்ன குறைந்துபோகும் என்று அவர் பெண்சாதி வண்டிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். ஊரே வேலையை நிறுத்தியது. கடைசியில் இரக்கச் சட்டம் வந்தது. இன்னும் தொண்ணூறு நாளுக்குமேல் தாங்காது என்று உடற்சில்லு கணக்குப் போட்ட ஆளுக்கு எந்த வண்டியும் எதையும் மறுக்கக் கூடாது. கேட்டது கேட்டபடி கொடுக்க வேண்டும். ஏன் கொடுக்கிறேன் என்று மட்டும் சொல்லக் கூடாது.

அன்றைக்கு தொம்மை வழக்கம்போலக் கையை வைத்தார். முழுசு, சீஸ், உப்பு, மாசிப்பொடி ரெண்டு கரண்டி என்று கேட்டார்.

“சரி அய்யா” என்றது வண்டி.

தொம்மைக்கு முதலில் உறைக்கவில்லை. பதினோரு வருஷப் பழக்கத்தில் திட்டுவதற்கு வாயைத் திறந்திருந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது. சாசேஜ் முழு நீளத்துக்கு ரொட்டியில் வந்து படுத்தது. சீஸ் உருகியது. மாசிப்பொடி ஒரு கரண்டி, இரண்டு கரண்டி.

“நீ தப்பாப் பாத்துட்ட. இன்னொருக்கா பாரு” என்றார் தொம்மை.

“பார்த்துவிட்டேன் அய்யா. சூடு ஆறுவதற்குள் சாப்பிடுங்கள். இன்னொன்று வேண்டுமா?”

அந்தக் குரலில் கண்டிப்பு இல்லை. தொம்மை தட்டிலிருந்து ரொட்டியை எடுத்தார். திரும்பிப் பார்த்தார். வரிசையில் நின்றவர்கள் ஓரடி பின்னால் போயிருந்தார்கள். ஒருவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான். அவருக்கு அடுத்து நின்றது பாக்கியநாதன், அவர் மனைவியின் அண்ணன். அவன் தரையைப் பார்த்தான்.

தொம்மை அதைத் தின்னவில்லை. கையில் பிடித்தபடி மின்தூக்கி வாசலில் இருந்த ஆறாம் வண்டிக்குப் போனார். அது ஊரிலேயே கஞ்ச வண்டி. விரல் நீளத்துக்குமேல் யாருக்கும் கொடுத்ததில்லை. அதில் கையை வைத்து எதுவும் கேட்காமல் நின்றார். அது முழுசாகக் கொடுத்தது. கேட்காமலே சீஸும் வைத்தது.

மணிக்கட்டில் குழாய்த் தூசு அப்பியிருக்கும், அதனால் தப்பாக வாசிக்கிறது என்று அவருக்குத் தோன்றியது. ஸ்பிரிட் போட்டுத் துடைத்தார். தோல் சிவக்கத் துடைத்துவிட்டு இரண்டாம் வண்டிக்குப் போனார். கொடுத்தது. ஐந்தாம் வண்டி, கொடுத்தது. இடது கையை வைத்துப் பார்த்தார். இடது கையில் சில்லே இல்லை என்பதால் வண்டி வலது கையைக் கேட்டது. வைத்தார். கொடுத்தது. ஐந்து ஹாட் டாக்கைத் தூக்கிக்கொண்டு அவர் நடந்தபோது எதிரே வந்தவர்கள் சுவரோடு ஒட்டி வழிவிட்டார்கள். பின்னால் யாரோ சிலுவை போட்டுக்கொள்வது கண்ணாடிக் கதவில் தெரிந்தது.

வேலையிடத்திலும் சேதி வந்து சேர்ந்திருந்தது. மேற்பார்வையாளர் மச்சாது அவரை எப்போதும் யோவ் என்றுதான் கூப்பிடுவார். அன்றைக்கு ஒரு நாற்காலியைத் தானே தூக்கிவந்து போட்டார்.

“நீங்க உக்காருங்க அண்ணாச்சி. குழாய்க்குள்ள பயலுவ போய்க்கிடுவானுவ.”

அண்ணாச்சி என்ற அந்த ஒரு வார்த்தையில் தொம்மைக்கு முதுகு வேர்த்துவிட்டது. வலம்புரியில் வேர்வை சட்டென்று வழியாது, தோலோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். அவர் பணிமுறை முடியும்வரை அந்த நாற்காலியில் உட்கார்ந்து தன் இதயம் அடிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே இருந்த இடைவெளி அவருக்கு ரொம்ப நீளமாகத் தெரிந்தது. அடுத்தது வருமா என்று காத்திருந்தார். வந்தது. மறுபடி காத்திருந்தார்.

வீட்டில் ரெஜினா எல்லாம் கேள்விப்பட்டு அழுது முடித்து முகம் கழுவியிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆளுக்கொரு கிண்ணத்தில் எதையோ கொண்டுவந்து வைத்திருந்தார்கள். முந்தாநாள்வரை தண்ணீர்க் குழாய்க்குச் சண்டை போட்டவர்கள். அந்தக் கிண்ணங்களைப் பார்த்ததும் தொம்மைக்குக் கோபம் வந்தது. கருமாதிச் சோற்றை முன்கூட்டியே கொண்டுவந்துவிட்டார்களா என்று கத்தினார். ரெஜினா கிண்ணங்களை மூடி வைத்தாள்.

ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றாள். தொம்மை காது கொடுக்கவில்லை. வண்டி எல்லாம் ஒரே கம்பெனி, ஒன்று கெட்டால் எல்லாம் கெடும் என்றார். சில்லு மலிவுச் சரக்கு என்றார். தன்னைக் கிளப்பிவிட்டுக் குறைந்த கூலிக்கு ஆளை வைத்து வேலை வாங்க இப்படி ஏதோ செய்திருக்கிறார்கள் என்றார். ரெஜினா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

“சரி, மெஷினு பொய்தான் சொல்லுதுன்னு வைங்க. பொய் சொல்லலன்னா?”

தொம்மை சிவந்த மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டார்.

வலம்புரி ஆஸ்பத்திரியில் வண்டிகளைவிடப் பெரிய இயந்திரம் இருந்தது. ஆனால் அது யார் உடம்பையும் தானாகப் பார்க்கக் கூடாது. ஆளே நேரில் போய்ப் பெருவிரல் ரேகை வைத்துக் கேட்டால்தான் பார்க்கலாம். இந்த விதி கம்பெனி போட்டதல்ல, தொழிலாளிகள் போராடி வாங்கியது. உடம்பைப் பார்த்து நோயாளிகளைப் பொறுக்கி வேலையை விட்டுத் தள்ளிவிடுவான் என்ற பயம். என் உடம்பை என்னைக் கேட்காமல் பார்க்காதே என்று ஊர்வலம் போனபோது முன்னால் கொடி பிடித்தவர்களில் தொம்மையும் ஒருவர்.

“நான் கூட வாறேன். ரேகைய வச்சிக் கேட்டுருவோம்” என்றாள் ரெஜினா.

“கேட்டாச் சொல்லிருவான்.”

“சொல்லட்டுமே.”

“சொல்லிட்டான்னா செத்துருவேன் ரெஜினா” என்றார் தொம்மை.

மூன்று நாள் போனது. ஊர்க்கோடியில் இருந்த ஒன்பதாவதைத் தவிர மிச்சம் இருந்த வண்டிகளிலும் கையை வைத்துப் பார்த்தார். எட்டு வண்டியும் கொடுத்தன. மேசைமேல் ஹாட் டாக் குவிந்து காய்ந்தது. அவர் ஒரு வாய் தின்னவில்லை. தின்றால் அதை ஒத்துக்கொண்டதாகிவிடும் என்று ஒரு பயம். கஞ்சித் தண்ணீரைக் குடித்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். தொண்ணூறில் மூன்று கழிந்தால் எண்பத்தேழு என்று மனசு தானாகக் கழித்தது. நிறுத்தச் சொன்னால் நிற்கவில்லை.

நாலாம் நாள் பாக்கியநாதன் வந்தான்.

“மச்சான், ஒம்பதாம் நம்பர்ல போய்க் கைய வச்சுப் பாரும். பனித்துறையில கெடக்குல்லா, அது. அதுதான் ஒழுங்கான மெஷினு. நம்ம வியாகுலத்துக்கு எட்டு வண்டியும் குடுத்துட்டு. அது மட்டும் இல்லைன்னுட்டு.”

“வியாகுலம் இப்ப எப்படி இருக்கான்?”

“போன மாசம் அடக்கம் பண்ணியாச்சு. அது வேற. சாகுற அன்னைக்கு வரைக்கும் சந்தோசமா இருந்தாம்லா.”

அடக்கம் என்ற சொல் தொம்மையின் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. அவர் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார்.

பனித்துறை ஊரின் கடைசி. குளிர்ந்து கிடக்கிற இடம். பனி ஏற்றும் தள்ளுவண்டியில் தொற்றிக்கொண்டு போய் இறங்கினால், ஒன்பதாம் வண்டிக்கு முன்னால் இருநூறு பேருக்குக் குறையாத வரிசை நின்றது. யாரும் பேசவில்லை. யாருக்கும் பசி இருக்கிற மாதிரியும் தெரியவில்லை. மஞ்சள் பூத்த முகங்கள், மூச்சு இழுக்கிற நெஞ்சுகள், குழாய்த்துடைப்பு ஆட்கள் பலர். ஒருவரை ஒருவர் பார்க்காமல் முன்னால் நிற்பவரின் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

தொம்மைக்கு முன்னால் ஒரு பெண். குச்சியாக இருந்தாள், கழுத்து எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. அவள் கையைத் தட்டில் வைத்தாள்.

“கொழுப்பு ஏறியிருக்கு. சீஸ் கிடையாது. கால்வாசிதான். நகரு” என்றது வண்டி.

அந்தப் பெண் வண்டியைக் கையெடுத்துக் கும்பிட்டாள். கண்ணீர் அவள் கன்னத்தில் மெதுவாக இறங்கியது. கால்வாசியை முந்தானையில் பொத்திக்கொண்டு ஓடினாள்.

தொம்மை கையை வைத்தார். மூச்சை அடக்கிக்கொண்டார். முழுசு, சீஸ், உப்பு, மாசிப்பொடி என்று கேட்டார்.

“கொழுப்பு ஏறியிருக்கு. சீஸ் கிடையாது. கால்வாசிதான். நகரு.”

நான்கு நாளாக நெஞ்சுக்குள் கிடந்த பாறாங்கல் உருண்டு போனது. உப்புச் சப்பில்லாத அந்தக் கால்வாசி சாசேஜை அங்கேயே நின்று மென்றார். அவ்வளவு ருசியாக அவர் எதையும் தின்றதில்லை. வழியெல்லாம் பார்த்தவர்களிடம் எனக்கு இல்லைன்னுட்டு, எனக்கு இல்லைன்னுட்டு என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

ரெஜினா சந்தோஷப்படவில்லை. முழுக்கதையையும் கேட்டாள். இருநூறு பேர் என்பதை இரண்டு முறை கேட்டுக்கொண்டாள்.

“அந்த வண்டி யாருக்காவது குடுத்துச்சா?”

தொம்மை யோசித்தார். கொடுத்ததாக ஒருவர்கூட ஞாபகத்துக்கு வரவில்லை. நாளைக்குப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் அவர் வரிசையில் நின்றபோது ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி வந்தாள். ஜெசிந்தா என்று பெயர். கையில் ஒரு வெள்ளைப் பெட்டி. அவள் வரிசையின் ஓரமாக நடந்துகொண்டே பேசினாள். தொண்ணூறு நாள் என்பது இப்படியே விட்டால் என்று போட்ட கணக்கு என்றாள். சாவு என்று அர்த்தமில்லை, சீக்கிரம் வா என்று அர்த்தம் என்றாள். இரண்டு வருஷமாக இந்த ஊரில் இப்படி விழுகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்குக் குழாய்த் தூசு நோய்தான், அதற்கு ஒரே ஒரு ஊசி போதும், இதோ பெட்டியில் இருக்கிறது, ரேகை வைத்தால் இங்கேயே போடுகிறேன் என்றாள்.

தொம்மையின் கால் வரிசையை விட்டு அரையடி வெளியே வந்தது. அவருக்கு முன்னால் இன்னும் மூன்றே பேர். வரிசையை விட்டால் மறுபடி கடைசிக்குத்தான் போக வேண்டும். கால் உள்ளே போனது.

“ஏம்மா, நடுவுல பூந்துராத. எல்லாரும் காத்துக் கெடக்கோம்லா” என்றார் பின்னால் ஒருவர்.

“அய்யா, நான் ஹாட் டாக் வாங்க வரல” என்றாள் ஜெசிந்தா.

பிறகு அவள் குனிந்து வண்டியின் அடியில் கையைவிட்டு ஒரு கம்பியை வெளியே இழுத்தாள். தட்டிலிருந்து வருகிற கம்பி. அறுந்து, முனை கறுத்துப்போயிருந்தது. இந்த வண்டி எவர் கையையும் வாசித்து வருஷக்கணக்காகிறது என்றாள். அவள் அந்த வெள்ளைப் பெட்டியைத் தூக்கித் தட்டில் வைத்தாள்.

“கொழுப்பு ஏறியிருக்கு. சீஸ் கிடையாது. கால்வாசிதான். நகரு” என்றது வண்டி. பெட்டிக்கு முன்னால் கால்வாசி சாசேஜை வைத்தது.

தொம்மைக்குக் கம்பி தெரியும். குழாய்களுக்குள் முப்பது வருஷம் கம்பிகளோடு கிடந்தவர். அந்தக் கறுப்பு முனையைப் பார்த்த மாத்திரத்தில் அது செத்த கம்பி என்று அவருக்குத் தெரிந்துபோனது. எட்டு வண்டிகள் சொன்னது நிஜம். இந்த வண்டி யாருக்காவது கொடுத்ததா என்று ரெஜினா கேட்ட கேள்விக்கும் இதுதான் பதில். இருநூறு முகங்களும் கம்பியைப் பார்த்தன, பெட்டியைப் பார்த்தன. அந்தச் சமயத்தில் யாராவது ஒருவர் நர்ஸ் பக்கம் நகர்ந்திருந்தால் எல்லாரும் நகர்ந்திருப்பார்கள்.

தொம்மைதான் பேசினார். அதைச் சொல்ல வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. பயம் அவர் வாயைத் திறந்து பேசியது.

“அப்படின்னா அந்த மருந்துலதான் கொழுப்பு இருக்கு.”

ஒரு கணம் யாருக்கும் விளங்கவில்லை. விளங்கியதும் வரிசை முழுக்க ஒரு பெருமூச்சு ஓடியது. ஆமா, வண்டிதான் பார்த்துச் சொல்லிவிட்டதே என்றது ஒரு குரல். மூடிய பெட்டிக்குள் இருப்பதையே கண்டுபிடித்துவிட்டதே, என்ன மாதிரி இயந்திரம் என்றது இன்னொன்று. கொழுப்பை ஊசியில் ஏற்றி ஆளைக் கொல்லப் பார்க்கிறார்கள் என்றார் மூன்றாமவர். முந்தின நாள் கும்பிட்ட அந்தக் குச்சிப் பெண் நர்ஸின் பெட்டியைத் தட்டிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தாள். மெதுவாகத்தான் வைத்தாள். ஜெசிந்தா அவர்கள் முகங்களைப் பார்த்தாள். பெட்டியை எடுத்துக்கொண்டு போனாள்.

தொம்மை அந்தக் கம்பியைக் காலால் வண்டிக்கடியில் தள்ளினார். அப்புறம் தன் முறை வந்ததும் கையை வைத்தார்.

ஊசியில் கொழுப்பு இருக்கிற சேதி இரண்டு பணிமுறைக்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. ஆஸ்பத்திரிக்கு அதுவரை வந்துகொண்டிருந்த ஒன்றிரண்டு பேரும் நின்றுபோனார்கள். ஒன்பதாம் வண்டியைச் சரிசெய்யக் கம்பெனி ஆள் வந்தபோது முந்நூறு பேர் கை கோத்து நின்று திருப்பி அனுப்பினார்கள். தொம்மைக்கு மூச்சு வாங்குவது கூடியது. ரெஜினா கெஞ்சினாள், திட்டினாள், சாப்பிடாமல் கிடந்து பார்த்தாள். அவர் அசையவில்லை. தினமும் சுவரைப் பிடித்துக்கொண்டு பனித்துறைக்கு நடந்தார்.

போகிற வழியில்தான் ஆஸ்பத்திரி. ஐம்பதாவது நாளோ அறுபதாவது நாளோ, அதன் வாசலில் நின்று மூச்சு வாங்கினார். கதவு திறந்து கிடந்தது. உள்ளே விளக்கு எரிந்தது. ஜெசிந்தா மேசைக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்தடி தூரம்தான். தொம்மை உள்ளே எட்டிப் பார்த்தார். ஒரு ஆள் இல்லை. வரிசையே இல்லாத இடத்தில் அப்படி என்ன நல்லது கிடைத்துவிடப் போகிறது என்று நினைத்துக்கொண்டு மேலே நடந்தார்.